ஈயம் போன பின் ஈப்போ

மலேசியாவின் ஈப்போவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு காபிக் கடையிலிருந்தோ, படம் எடுக்கத் தோதான ஒரு சுவர் ஓவியத்திலிருந்தோ ஊரைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால் பர்ச் மணிக்கூண்டிலிருந்து தொடங்குங்கள் என்பேன். ரயில் நிலையத்திலிருந்து கொஞ்ச தூர நடைதான்.

1909-இல் எழுப்பிய கூண்டு அது. ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்துக்கு முதல் பிரிட்டிஷ் ரெசிடென்டாக வந்த ஜே.டபிள்யூ.டபிள்யூ. பர்ச்சின் நினைவாகக் கட்டினார்கள். பர்ச் இலங்கையில் பல ஆண்டுகள் அதிகாரியாக இருந்துவிட்டு மலாயாவுக்கு மாறியவர். வரி வசூலிக்கும் உரிமையை மலாய்ப் பிரபுக்களிடமிருந்து பறித்து அரசாங்கத்தின் கையில் சேர்க்க அவசரப்பட்டார். கடனுக்கு ஆளை அடிமையாக வைத்திருக்கும் வழக்கத்தையும் எதிர்த்தார். ஊர்த் தலைவர்களின் கோபம் முற்றி, 1875 நவம்பரில் பாசிர் சாலாக் என்ற ஆற்றங்கரைக் கிராமத்தில், குளித்துக்கொண்டிருந்த இடத்திலேயே அவரைக் குத்திக் கொன்றார்கள். அந்தக் கொலைக்காக அந்தத் தலைவர்களில் மகாராஜா லேலாவும் டத்தோ சாகோரும் 1877 ஜனவரியில் தூக்கில் தொங்கினார்கள். முப்பது வருடத்துக்கும் மேல் கழித்து, செத்தவரின் மகன் எர்னஸ்ட் பர்ச் அதே பேராக்குக்கு ரெசிடென்டாக இருந்தபோதுதான் இந்த மணிக்கூண்டு வந்தது.

கூண்டின் நான்கு மூலைகளிலும் விசுவாசம், நீதி, பொறுமை, மனவலிமை ஆகிய நான்கு பண்புகளைக் குறிக்கும் பெண் சிலைகள் நிற்கின்றன. கீழே சுற்றிலும் ஓடும் ஓட்டுச் சித்திரத்தில் உலக நாகரிகத்தின் கதையாக 44 உருவங்கள். மோசே, புத்தர், கன்ஃபூசியஸ், ஷேக்ஸ்பியர், டார்வின் எல்லோரும் வரிசையில் இருக்கிறார்கள். இஸ்லாமியர் நபிக்கு உருவம் வரைவதில்லை என்பதால் அவரைக் குறித்து வரைந்திருந்த உருவத்தைப் பிற்காலத்தில் மறைத்துவிட்டார்கள். மற்றவை அப்படியே உள்ளன. இவ்வளவையும் பார்த்துவிட்டுத் திரும்பினால் தெருப் பலகை கண்ணில் படும். மணிக்கூண்டு நிற்கும் தெரு ஜாலான் டத்தோ சாகோர். அருகில் இன்னொரு சாலைக்கு மகாராஜா லேலாவின் பெயர். கொல்லப்பட்டவருக்குக் கூண்டு, கொன்றதற்காகத் தூக்கில் தொங்கியவர்களுக்குத் தெரு.

விடுதலைக்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் இப்படிப்பட்ட நினைவுச் சின்னங்களைப் பெயர்த்துக் கிடங்கில் போட்டிருக்கிறார்கள். ஈப்போ கூண்டையும் வைத்துக்கொண்டது, தெருவின் பெயரையும் மாற்றிக்கொண்டது. பழைய நகரின் மற்றத் தெருக்களில் நடக்கும்போதும் எனக்கு இதே எண்ணம்தான் வந்தது. இந்த ஊரில் ஒன்றின் மேல் இன்னொன்று வந்திருக்கிறதே தவிர, முந்தையது முழுதாகப் போய்விடவில்லை.

அதற்குக் காரணம் வெள்ளீயம். ஈப்போ இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகின் மிகச் செழிப்பான ஈயப் பூமி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் உலகத்துக்குத் தேவையான வெள்ளீயத்தில் பாதியை மலாயா கொடுத்தது என்றால், அதில் பெரும்பங்கு இந்த மண்ணிலிருந்து வெட்டியது. தென்சீனத்திலிருந்து ஹக்கா மக்களும் கன்டோனீஸ் மக்களும் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினார்கள். 1892-இல் ஒரு பெருந்தீ ஊரின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கியது. அதன்பின்தான் இப்போது நாம் பார்க்கும் நேரான, ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் தெருக்கள் பிறந்தன. கிந்தா ஆற்றுக்கு மேற்கே பழைய நகரம். கிழக்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாவ் டெட் ஷின் என்ற ஹக்கா முதலாளி எழுப்பிய புதிய நகரம். ‘புதிய’ என்பதே இங்கே நூறு வயதைத் தாண்டியது. 1937-இல் மாநிலத் தலைநகரம் தைப்பிங்கிலிருந்து ஈப்போவுக்கு மாறியது. வங்கிகள் கல்லில் கோட்டை கட்டின. லட்சாதிபதிகளின் ஊர் என்று பெயர் வந்தது.

1985 அக்டோபர் 24 அன்று அந்தச் செழிப்பு முறிந்தது. விலை சரியாமல் இருக்க உலகச் சந்தையில் ஈயத்தை வாங்கிக் குவித்துக்கொண்டிருந்த சர்வதேச ஈய மன்றம் கையில் பணமில்லை என்று நிறுத்திக்கொண்டது. லண்டன் உலோகச் சந்தை ஈய வர்த்தகத்தையே மூடியது. விலை பாதிக்குச் சரிந்தது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்தன. பள்ளத்தாக்கில் தோண்டிய குழிகளில் மழைநீர் நிறைந்து ஈயக் குட்டைகளாயின. ரயிலில் வரும்போது இருபுறமும் பளபளப்பது அவைதாம். இளைஞர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். 1999-ஆம் ஆண்டின் முடிவோடு, 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு நாடு முழுவதும் இருந்த வாடகைக் கட்டுப்பாடும் போயிற்று. கொஞ்சநஞ்சம் இருந்த பழைய குடித்தனக்காரர்களும் காலி செய்ய, மாடிகளில் ஆலங்கன்று முளைத்தது.

ஆனால் இடித்துவிட்டு இருபது மாடி கட்ட இங்கே யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. முதலீடு வேறு ஊர்களுக்குப் போய்விட்டது. இந்தப் பழைய நகரம் பிழைத்ததற்கு ஊராரின் ரசனை மட்டுமே காரணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பணம் வெளியேறியதற்கும் அதில் பெரிய பங்கு உண்டு. இன்று காதுக்கு இனிமையாக ‘பாரம்பரியம்’ என்று சொல்லப்படும் இந்தத் தெருக்களுக்குப் பின்னால் வேலை இழந்தவர்களின் ஒரு தலைமுறை இருக்கிறது. அதை மறந்துவிட்டு இங்கே காபி குடிக்கக் கூடாது.

காபிக்கு வருவோம். ஜாலான் பண்டார் தீமா என்ற தெருவில் இரண்டு கடைகள் எதிரும் புதிருமாக இருக்கின்றன. சின் யூன் லோங் 1937-இல் தொடங்கியது. நாம் ஹியோங் 1958-இல். ‘ஒயிட் காபி’ என்ற பெயரில் பொட்டலமாக உலகமெங்கும் விற்கும் பானத்தின் வேர் இந்தத் தெருதான். வெண்மை என்பது பாலைக் குறித்ததல்ல, வறுவலைக் குறித்தது. மலேசியாவில் வழக்கமான கறுப்புக் காபிக்குக் கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கரியாகும் வரை வறுப்பார்கள். ஈப்போக்காரர்கள் சர்க்கரையை விட்டுவிட்டு மார்ஜரின் மட்டும் சேர்த்து வறுத்தார்கள். கொட்டை வெளிர்நிறத்தில் நிற்கிறது. கசப்பு குறைந்து, வெண்ணெய் உருகும் மணம் மேலே வருகிறது.

காலை ஏழரைக்கு அவற்றில் ஒன்றுக்குள் நுழைந்தபோது ஒரு மேசை கூடக் காலியில்லை. பளிங்குப் பலகை பதித்த வட்ட மேசை ஒன்றில் இரண்டு பெரியவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். கேட்டு உட்காரும் வழக்கம் இங்கே இல்லை. இருக்கும் நாற்காலியில் உட்கார வேண்டியதுதான். பனியன் போட்ட ஒரு கிழவர் வந்து, “பானாஸ்?” என்று ஒரே சொல்லில் கேட்டார். சூடாகத்தான் வேண்டும் என்று தலையாட்டினேன். அடுப்படி எனக்கு நேராகத் தெரிந்தது. நீண்ட துணிப் பையில் தூளைப் போட்டு, அகன்ற வாய்க் குவளையில் தொங்கவிட்டு, கொதிநீரை உயரத்திலிருந்து விட்டார். பையைத் தூக்கி இன்னொரு குவளையில் இறக்கி, வடிந்ததையே மறுபடி அதன்மேல் ஊற்றினார். கெட்டிப்பால் அடியில் கிடந்த பீங்கான் கோப்பையில் அந்தச் சாறு விழுந்ததும் நுரை மேலே ஏறி விளிம்பில் நின்றது. கோப்பையை வெந்நீர்த் தொட்டியிலிருந்து எடுத்திருந்ததால் கைப்பிடியே சுட்டது. கும்பகோணம் டிகாக்‌ஷனில் வளர்ந்த நாக்குக்கு முதல் வாய் கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கும். சிக்கரியின் கனம் கிடையாது. பதிலாக எண்ணெய்ப் பசையுள்ள வழவழப்பு, அடிநாக்கில் நிற்கும் வறுவல் மணம். இரண்டாவது கோப்பைக்கு நானே கை தூக்கினேன்.

இந்தக் கடைகளின் பொருளாதாரம் தனி அழகு. கடை முதலாளி பானம் மட்டுமே விற்கிறார். சுற்றி இருக்கும் நூடுல்ஸ் வண்டி, கறி மீ வண்டி, அவித்த கோழி வண்டி எல்லாம் தனித்தனிக் குடும்பங்கள் வாடகைக்கு எடுத்து நடத்துபவை. ஒரே மேசையில் நான்கு பேரின் கைப்பக்குவம் வந்து உட்காரும்; நான்கு பேருக்கும் தனித்தனியாகக் காசு கொடுக்க வேண்டும். முதலாளி மாறினாலும் வண்டிகள் தொடரும், ஒரு வண்டி நின்றாலும் கடை தொடரும். ஈயம் போன பிறகும் இந்த ஊரின் காலைகள் கலையாமல் இருந்ததற்கு இந்த ஏற்பாடு உதவியிருக்கும் என்றே நினைக்கிறேன். பெரிய முதல் போடாமல் ஒரு அடுப்பும் ஒரு பதார்த்தமும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் பிழைக்கலாம்.

இந்தத் தெருவிலிருந்து கிளம்பிய காபி வணிகம்தான் 2014-இல் பழைய நகரின் சுவர்களுக்கு ஓவியம் வரவும் காரணமானது. நாம் ஹியோங் குடும்பத்தின் தொடர்பில் வளர்ந்த ஓல்ட் டவுன் ஒயிட் காபி நிறுவனம், பினாங்குச் சுவர்களில் புகழ்பெற்ற லிதுவேனிய ஓவியர் எர்னெஸ்ட் ஸகரேவிச்சை அழைத்து வந்தது. காகித விமானத்தில் பறக்கும் இரண்டு குழந்தைகள், அடுக்கிய முக்காலிகளின் மேல் ஏறிய சிறுமி, கோப்பையை உதட்டருகே கொண்டுபோகும் முதியவர் என்று சில சுவர்களை அவர் தீட்டினார். எனக்குப் பிடித்தது இவற்றில் மிகச் சாதாரணமானது: ஆணியில் மாட்டிய பிளாஸ்டிக் பைகளில் தொங்கும் காபி. மலேசியாவில் காபி, டீ எதையும் பையில் ஊற்றி, வாயைக் கயிற்றால் முடிந்து, உறிஞ்சுகுழல் செருகிக் கொடுப்பார்கள். அந்தப் பையை மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போகிற காட்சி தெருவுக்குத் தெரு உண்டு. ஓவியர் அதைப் பார்த்திருக்கிறார்.

மழையும் வெயிலும் இந்த ஓவியங்களைத் தின்றுகொண்டிருக்கின்றன. சுண்ணாம்பு உரிந்த இடத்தில் முகமும் உரிகிறது. அதற்காக நான் வருத்தப்படவில்லை. இந்த ஊரின் சுவர்களில் வண்ணத்தைவிட நுட்பமான வேலை வேறு இருக்கிறது. தலையைச் சற்று உயர்த்தினால் போதும். கடைவீடுகளின் மாடி முகப்பில் சுதையில் செய்த பூங்கொத்துகள், சீன எழுத்தில் கடைப் பெயர்கள், மேலே கட்டிய ஆண்டு. தரைத்தளத்தில் அஞ்சடி எனப்படும் தாழ்வாரம் ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குத் தொடர்கிறது. வெயிலும் மழையும் படாமல் தெருவின் கடைசிவரை நடக்கலாம். முடிதிருத்துபவரும் சாவி செய்பவரும் இன்னும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

லோரோங் பங்லிமா என்ற சந்துக்கு ‘வைப்பாட்டிச் சந்து’ என்ற பழைய பெயர்தான் புகழைக் கொடுத்தது. யாவ் டெட் ஷின் தன் மனைவியருக்கு ஆளுக்கொரு சந்தாகக் கொடுத்தார் என்ற கதையைச் சொல்லாத ஆள் இங்கே இல்லை. இப்போது அது பொம்மைக் கடைகளும் பனிக்கட்டி இனிப்புகளும் நிறைந்த சந்து. பத்து மணிக்கு மேல் தோளோடு தோள் உரசாமல் போக முடியாது. எந்த ஊரிலும் வாங்கக்கூடிய பொருள்களை இப்படிப்பட்ட பழைய சந்தில் விற்பது எனக்கு உவப்பாயில்லை. கடை திறக்கும் முன் காலையில் போனால் மரக் கதவுகளும், குறுகிய படிகளும், வாசலில் ஊதுபத்தி செருகிய சிறு மாடமும் தெரியும்.

அதைவிட ஆழமான இடம் சில நிமிட நடையில் இருக்கிறது. ஹான் சின் பெட் சூ. லியோங் ஃபீ என்ற சுரங்க முதலாளி 1893-இல் தொடங்கிய ஹக்கா ஆண்களின் மன்றம் அது. முன்பதிவு செய்துகொண்டு போனால் வழிகாட்டி ஒருவர் மாடி மாடியாக அழைத்துப் போகிறார். மாஜோங் மேசைகள், அபின் புகைக்கும் கட்டில், பணக்காரர்களின் பொழுதுபோக்கு எல்லாம் மேலே. மனைவிமார் உள்ளே வரக் கூடாது என்பது அந்தக் கால விதி. என்னை நிறுத்தியது கீழ்த்தளத்தில் இருந்த ஒரு மரத் தட்டு. டூலாங் என்பார்கள். ஆழமில்லாத, அகன்ற, நடுவில் குழிந்த தட்டு. முழங்கால் நீரில் குனிந்து நின்று, மணலை அள்ளி அதில் போட்டுச் சுழற்றினால் லேசான மணல் விளிம்பு வழியே போய், கனமான ஈயக் கறுப்பு நடுவில் தங்கும். இந்த வேலையைச் செய்தவர்கள் பெண்கள். உரிமச் சீட்டு வாங்கிக்கொண்டு, தலையில் அகன்ற தொப்பியும் முகத்தைச் சுற்றித் துணியுமாகப் பகல் முழுக்க ஓடைகளில் நின்றவர்கள். மேலே மாடியில் ஆண்கள் சூதாடிய பணம் இப்படிப்பட்ட கைகளின் வழியாகவும் வந்ததுதான். அந்த வீட்டிலேயே இரண்டையும் சேர்த்துக் காட்டியவர்களுக்கு நன்றி.

பக்கத்தில் கோங் ஹெங் வளாகம். பழைய நாடகக் குழுக்கள் தங்கிய கட்டடம் என்கிறார்கள். நிலவடிவமைப்பாளர் எங் செக் சான் அதை எடுத்துச் செப்பனிட்டபோது பூச்சு உரிந்த செங்கல் சுவரை அப்படியே விட்டு, இரும்பும் கண்ணாடியும் மட்டும் செருகித் தங்கும் விடுதியாக்கினார். ஈப்போவின் அண்மைக்கால மறுவாழ்வு இந்தக் கட்டடத்தையொட்டித்தான் தொடங்கியது. இங்கேதான் திரைப்பட இயக்குநர் யாஸ்மின் அஹ்மத்தின் நினைவாக 2014-இல் ஒரு சிறு காட்சியகம் அமைத்தார்கள். மலாய்ப் பெண்ணும் சீனப் பையனும் காதலிக்கும் ‘செப்பெட்’ படத்தை யாஸ்மின் இந்தத் தெருக்களில்தான் எடுத்தார். அவருடைய கடைசிப் படமான ‘டேலன்டைம்’ 2009-இல் வந்தது. அதில் காது கேளாத மகேஷ் என்ற தமிழ்ப் பையன் ஒரு நாயகன். அவன் வீட்டார் பேசுவது தமிழ். அதே ஆண்டு ஜூலையில் யாஸ்மின் இறந்தார். மலேசியச் சினிமாவில் மூன்று இனத்தாரையும் ஒரே கதைக்குள் இயல்பாக வாழவிட்டவர்களில் அவருக்கு இணை சொல்ல எனக்குத் தெரியவில்லை. கார்ட்டூன் கலைஞர் லாட்டின் ‘டவுன் பாய்’ புத்தகத்திலும் ஈப்போதான் ஊர், கிராமத்து மலாய்ப் பையனும் சீன நண்பனும் சுற்றும் தெருக்கள் இவைதான். இரண்டு பெரும் கலைஞர்களுக்கும் நட்பும் காதலும் இனம் தாண்டிப் போவதைக் காட்ட இந்த ஊர் தோதாக இருந்திருக்கிறது.

மாலையில் ஆற்றைத் தாண்டிப் புதிய நகரத்துக்குப் போக வேண்டும். லூ வோங், ஒன் கீ என்ற இரண்டு கடைகளைச் சுற்றி நடைபாதையெல்லாம் மேசைகள். எல்லா மேசையிலும் ஒரே சாப்பாடு: நா சோய் காய். கொதிக்காத சூட்டில் மெல்ல அவித்த கோழியைத் துண்டு போட்டு, சோயாச் சாறும் நல்லெண்ணெயும் ஊற்றித் தருகிறார்கள். தோலுக்கும் சதைக்கும் நடுவில் ஊன்பசை ஒரு படலமாக உறைந்திருக்கும். கூடவே ஒரு தட்டு முளைப்பயறு. இதற்காகத்தான் மற்ற ஊர்க்காரர்கள் வருகிறார்கள். நாம் வழக்கமாகக் காணும் நீண்டு மெலிந்த முளைபோல் இல்லாமல் குட்டையாக, தடித்து, பல்லில் நறுக்கென்று உடையும். வெந்நீரில் ஒரு முக்கு, மேலே மிளகுத்தூள், அவ்வளவுதான் சமையல். ஊரைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்பு மலைகளில் ஊறி வரும் தண்ணீர்தான் காரணம் என்று ஈப்போக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். அகலமான அரிசி நூடுல்ஸான ஹோர் ஃபன்னும் வழுக்கிக்கொண்டு போகிறது. அதற்கும் அதே தண்ணீரைத்தான் காரணம் சொல்கிறார்கள்.

தமிழர்களின் ஈப்போவைத் தேடிப் போக வேண்டியதில்லை. இறங்கும் இடத்திலேயே இருக்கிறது. வெண்குவிமாடமும் நீண்ட வளைவுத் தாழ்வாரமுமாக நிற்கும் ரயில் நிலையம் ஆர்தர் பெனிசன் ஹப்பக் வரைந்தது, 1917-இல் முடிந்தது. ஊரார் அதை ஈப்போவின் தாஜ்மகால் என்கிறார்கள். தண்டவாளம் போட்டவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலிகள். மலாயா ரயில்வேயின் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் இருந்தவர்களில் யாழ்ப்பாணத்தார் மிகுதி. நிலையத்திலிருந்து திடல் பக்கம் போனால் 1908-இல் தமிழ் முஸ்லிம்களுக்காக எழுந்த மஸ்ஜித் இந்தியா. பழைய நகரின் ஒரு முக்கியச் சாலைக்கு, பக்கத்து ஊரான சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தனின் பெயர். தோட்டங்களைத் துண்டு துண்டாக்கி விற்றபோது தொழிலாளர்கள் தெருவுக்கு வராமலிருக்க, அவர்களிடமே மாதம் பத்து வெள்ளி திரட்டி, 1960-இல் நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் வாங்கியவர் அவர். லகாட் சாலைப் பக்கம் போனால் பூக்கடை, பாத்திரக் கடை, புடவைக் கடை, செட்டியார்களின் தண்டாயுதபாணி கோயில் என்று லிட்டில் இந்தியா தொடங்கிவிடும்.

இன்னும் கொஞ்சம் தள்ளினால் புந்தோங். கச்சாங் பூத்தே என்றால் மலேசியா முழுவதும் புந்தோங்கைத்தான் சொல்வார்கள். முறுக்கு, ஓமப்பொடி, மாவில் தோய்த்த கடலை, பட்டாணி, மரவள்ளிச் சீவல் என்று நம் நொறுக்குத்தீனி வகைகள் முழுவதும் இங்கே வீட்டு அடுப்புகளில் பொரிகின்றன. வாசல் கூடத்தில் சாக்குச் சாக்காக நிற்கின்றன. தமிழர்களுக்கு விற்கும் அளவுக்குக் குறையாமல் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் விற்கிறது. நோன்புப் பெருநாளும் சீனப் புத்தாண்டும் இவர்களுக்குத் தீபாவளி அளவுக்கு வேலை கொடுக்கும் நாட்கள்.

ஒரு கடையில் கல்லாவில் இருந்த அம்மா, “தமிழ்நாடா தம்பி? பேச்சுலயே தெரியுது” என்றார். கை நிறைய ஓமப்பொடி அள்ளிக் கொடுத்து, முதலில் தின்று பார்க்கச் சொன்னார்.

“எத்தனை வருஷமாச்சுக்கா இந்தக் கடை?”

“எங்க மாமனார் காலத்துல கடையே இல்ல. தலையில தட்ட வச்சிக்கிட்டு, படம் விடுற நேரம் பாத்து தியேட்டர் வாசல்ல போயி நிப்பாரு. பேப்பர சுருட்டிப் போட்டுக் கொடுப்பாரு. இப்ப தியேட்டரும் இல்ல, தட்டும் இல்ல. லாரில கேஎல்லுக்குப் போவுது.”

பிள்ளைகள் தொழிலைத் தொடர்வார்களா என்றேன். பெரியவன் சிங்கப்பூரில், சின்னவள் கணக்காளர். அவள்தான் இணையத்தில் ஆர்டர் எடுக்கிறாள் என்றார். அடுப்படியில் எண்ணெய்ச் சட்டி முன் நின்றவர்கள் வங்கதேசத்து இளைஞர்கள். முறுக்கு பிழியும் கை மாறியிருக்கிறது. அளவும் பக்குவமும் அந்த அம்மாவின் கண்ணில் இருக்கின்றன.

ஈப்போவில் தமிழ் வாசகர்கள் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டிய ஒருவர் உண்டு. சிபில் கார்த்திகேசு. ஐரிஷ் கலப்பு மரபில், 1899-இல் சுமத்ராவின் மேடானில் பிறந்தவர், செவிலி. மணந்தது இலங்கைத் தமிழ் மருத்துவர் ஏ.சி. கார்த்திகேசுவை. ப்ரூஸ்டர் சாலையில், அதாவது இன்றைய ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷாவில், இருவரும் மருத்துவமனை நடத்தினார்கள். கன்டோனீஸ் சரளமாகப் பேசியதால் சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் அவரைத் தேடி வந்தார்கள். 1941-இல் ஜப்பானியர் குண்டு போடத் தொடங்கியதும் குடும்பம் அருகிலுள்ள பாப்பான் என்ற சிற்றூருக்கு ஒதுங்கியது. அங்கே மெயின் தெருவில் 74-ஆம் எண் வீட்டில், காட்டிலிருந்து இரவில் இறங்கி வந்த எதிர்ப்புப் போராளிகளுக்கு ரகசியமாக மருத்துவம் பார்த்தார். வானொலி வைத்திருந்தாலே தலை போகும் காலத்தில் ஒளித்துவைத்த வானொலியில் பிபிசி கேட்டுச் செய்தியைப் பரப்பினார்.

1943-இல் பிடிபட்டார். கெம்பெய்தாய் எனும் ராணுவக் காவல் படை அவரைச் சித்திரவதை செய்தது. அவருடைய சின்ன மகளை அவர் கண்முன் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டி மிரட்டினார்கள். அப்போதும் யார் பெயரையும் சொல்லவில்லை. போர் முடிந்து வெளியே வந்தபோது நடக்க முடியாத உடம்பு. சிகிச்சைக்காகப் பிரிட்டன் கொண்டுபோனார்கள். அங்கே ஜார்ஜ் பதக்கம் பெற்றார். 1948 ஜூனில் அங்கேயே இறந்தார். ஸ்காட்லாந்தில் புதைத்த உடலை மறு ஆண்டு ஈப்போவுக்குக் கொண்டுவந்து புனித மைக்கேல் தேவாலயக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். சிறையிலிருந்து மீண்டபின் அவர் சொல்லிவைத்த நினைவுகள் 1954-இல் ‘நோ டிராம் ஆஃப் மெர்சி’ என்ற நூலாக வெளிவந்தன. இது தமிழில் பரவலாகப் பேசப்பட வேண்டிய புத்தகம்.

ஃபேர் பார்க் பகுதியில் ஒரு தெருவுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் பழைய நகரில் காகித விமானத்தின் முன் வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேர் அந்தக் கல்லறைக்குப் போகிறார்கள்? தமிழ்நாட்டிலிருந்து மலேசியா வருகிறவர்கள் பத்துமலை, கெந்திங், லங்காவி என்று முடித்துக்கொள்கிறார்கள். கோலாலம்பூர் சென்ட்ரலில் மின்ரயில் ஏறினால் சுமார் இரண்டரை மணி நேரத்தில் ஈப்போ. வார நாளில் வாருங்கள். சனி ஞாயிறு கூட்டத்தில் எதுவும் தெரியாது. காபிக் கடைகளுக்குக் காலையில், சந்துக்கு அதற்கும் முன்னால், ஹான் சின் பெட் சூவுக்கு முன்பதிவு செய்துகொண்டு. ஒரு பகல் மிச்சம் இருந்தால் டாக்சி பிடித்துப் பாப்பான் போய் அந்த 74-ஆம் எண் வீட்டைப் பாருங்கள். போகும் வழியில் லகாட் சாலையில் ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டு, முதலில் கல்லறைக்குப் போய்விட்டுப் போங்கள்.